திருகோணமலையில் முதல் வீடு: வெயிலையும் வாடையையும் கணக்கெடுத்துக் கட்டுங்கள்

வீட்டுக்குப் படம் கீறக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சித்திரை மாதத்தில், தெரிந்தவர் ஒருவரின் சிலப் (கொங்கிறீட் தட்டைக் கூரை) போட்ட வீட்டுக்குப் பிற்பகல் நாலு மணிக்குப் போய், மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். தேத்தண்ணீர் குடித்துக் கதைத்திருந்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் திரும்பவும் அதே இடத்தில் வையுங்கள். வெளியே காற்றுக் குளிர்ந்திருக்கும். சுவர் இன்னும் சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவரும் சிலப்பும் இரவில் அறைக்குள் விடுகின்றன. அந்தச் சூட்டை விரட்டத்தான் மூன்று ஃபான் சுற்றுகிறது, பிறகு ஏசி வாங்குகிறோம், பிறகு பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

குறைந்த செலவில் கட்டி, குறைந்த மின்சாரத்தில் குடியிருக்க வேண்டும் என்று வருகிறவர்களில் அநேகர் முதலில் கேட்பது சோலாரைப் பற்றி. இங்கே சோலார் கடைசியில்தான் வரும். சூடேறாத வீட்டுக்குச் சின்ன சோலார் போதும். சூடேறுகிற வீட்டுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது. வீட்டின் அளவு, திசை, கூரை இந்த மூன்றிலும் எடுக்கிற முடிவுதான் அடுத்த முப்பது வருடத்துக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. இவற்றுக்குச் செலவாகும் காசைவிட யோசனைதான் கூட.

காணி

காணி பார்க்க மார்கழியில் போங்கள். ஆவணியில் பார்த்தால் எல்லாக் காணியும் நல்ல காணிதான். நமக்கு வருடத்தில் 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையிலான வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியால் ஓடுகிறது, எத்தனை நாளில் வடிகிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்க்கலாம். பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள். மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் மகாவலி பெருகினால் என்ன நடக்கும் என்பதை 2025 நவம்பரில் டித்வா புயலோடு எல்லோரும் பார்த்தோம்.

தாள்களைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். உறுதிக் காணி என்றால் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாறாது. வயல் காணியை நிரப்பிக் கட்ட, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தம்பலகாமத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வயலை வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் முட்டுப்படுகிறார்கள். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோரங்களில், உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே அத்திவாரம் வெட்டக்கூடாது. குச்சவெளிப் பக்கம் என்றால், வன இலாகாவின் எல்லைக்கல்லும் தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் எங்கே நிற்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகு உங்கள் உள்ளூராட்சிச் சபையிடம் வீதிக்கோட்டுச் சான்றிதழும் கட்டட அனுமதியும். அனுமதி இல்லாமல் கட்டினால் வங்கிக் கடன் கிடைக்காது.

எத்தனை சதுர அடி?

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். 2012இல் வடக்குக் கிழக்கில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு 550 சதுர அடி. கொடுத்த காசு 5,50,000 ரூபாய். கிடைத்த காசோடு நிற்காமல், இன்னொரு அறை, முன்னால் ஒரு போர்ட்டிக்கோ என்று பெருப்பிக்கப் போய் நகை அடகு வைத்து, கடைசியில் யன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டு குடியிருந்த குடும்பங்கள் பல.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 700 முதல் 800 சதுர அடி உள்ளறைகளும், அதற்கு வெளியே நல்ல அகலமான விறாந்தையும் போதும் என்பது என் கணக்கு. விறாந்தைக்குச் சுவரும் யன்னலும் வேண்டியதில்லை. கூரையும் தூணும் தரையும்தான். உள்ளறை கட்டுகிற செலவோடு பார்த்தால் மிகக் குறைவு. நம் ஊரில் வருடத்தில் எட்டு மாதமாவது மாலையில் எல்லோரும் வெளியேதான் இருப்போம். எட்டு அடி அகலத்தில் ஒரு விறாந்தை, ஓரத்தில் ஒன்றரை அடி உயரத்தில் குந்து. ‘ஹோல்’ என்று ஒன்றைப் பெரிதாகக் கட்டி, செற்றியை வைத்துப் பொலித்தீன் போட்டு மூடிவைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓர் அறை கூட்ட வேண்டிவரும் என்றால், எந்தப் பக்கம் என்பதை இப்போதே படத்தில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்துச் சுவரில் நிலை வைக்கும் அளவுக்கு லிண்டலை (வாசலுக்கு மேல் வரும் கொங்கிறீட் பீமை) போட்டு, இடைவெளியைக் கல்லால் அடைத்துவிடலாம். பிறகு உடைப்பது சுலபம். ‘பிறகு மேல்மாடி கட்டலாம்’ என்று இப்போதே சிலப் போடுவதைப் பற்றிக் கூரைப் பகுதியில் சொல்கிறேன்.

எந்தப் பக்கம் பார்க்க வைப்பது?

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், மீதி மாதங்களில் தெற்குப் பக்கம். வடக்குச் சுவருக்கு வெயிலே படாது என்று இந்தியாவிலிருந்து வருகிற வீட்டுப் படங்களில் எழுதியிருப்பதை இங்கே நம்பக்கூடாது. மே, ஜூன், ஜூலையில் நமக்கு வடக்குச் சுவரில்தான் வெயில்.

ஆனாலும் வடக்கும் தெற்கும் பெரிய பிரச்சினை இல்லை. நண்பகல் சூரியன் உயரத்தில் நிற்பதால், தாழ்வாரத்தை இரண்டரை மூன்று அடி வெளியே விட்டால் சுவரில் பெரும்பகுதிக்கு நிழல் விழுந்துவிடும். மார்கழியில் தெற்கே 58 பாகை வரை இறங்குகிற சூரியனுக்குக்கூட, மூன்று அடித் தாழ்வாரம் சுவரில் கிட்டத்தட்ட ஐந்து அடிக்கு நிழல் தரும். மேற்கில் இந்தக் கணக்கு எடுபடாது. பிற்பகல் நாலு மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்தில் நிற்கும். அதே மூன்று அடி வெறும் இரண்டு அடி நிழலைக்கூடத் தராது.

அதனால் வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். குட்டையான பக்கம் மேற்கைப் பார்க்கட்டும். அந்த மேற்கு முனையில் குளியலறை, மலசலகூடம், களஞ்சிய அறை போன்றவற்றை வையுங்கள். நாம் அதிக நேரம் இருக்காத அறைகள் வெயிலை வாங்கிக்கொள்ளும். கிண்ணியா, மூதூரில் மலசலகூடக் கொமட் கிப்லாவை (தொழுகைத் திசையை) நோக்கியும் அதற்கு முதுகு காட்டியும் இருக்கக்கூடாது என்பார்கள். கிப்லா இங்கிருந்து மேற்கு வடமேற்கு என்பதால், அதை வடக்குத் தெற்காக வைக்கும்படி பிளான் கீறும்போதே சொல்லிவிடுங்கள். பைப் போட்ட பிறகு திருப்ப முடியாது.

நிலையம் (வாஸ்து) பார்க்கிற வீடுகளில் வேறொரு சிக்கல். குடும்பத் தலைவரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வரவேண்டும் என்பார்கள். வெயில் கணக்கில் வீட்டிலேயே மிகச் சூடான மூலை அதுதான். சாத்திரியாரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. அறை அங்கேயே இருக்கட்டும். அதன் மேற்குச் சுவரில் யன்னல் வைக்காமல் தெற்கில் வையுங்கள், வெளியே விறாந்தைக் கூரையை அந்த மூலை வரை சுற்றி இழுங்கள், 15 அடி தள்ளி ஒரு வேம்பு நடுங்கள். பூவரசும் புங்கையும் ஆகும். வீடு கட்டத் தொடங்குகிற அன்றே மரத்தை நட்டால், குடிபுகும்போது ஆளுயரம் வந்துவிடும்.

அடுத்து, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். சூடான, வறண்ட, புழுதி கலந்த காற்று. நண்பகலில் அதை வீட்டுக்குள் விடுவது அடுப்பு வாயைத் திறந்து வைப்பதுதான். தென்மேற்குப் பக்க யன்னல்கள் சின்னதாக, பலகைக் கதவோடு இருக்கட்டும். காலை பத்து மணிக்குச் சாத்தி, பொழுது பட்டதும் திறக்கிற பழக்கம் வேண்டும். கிழக்கே கடலிலிருந்து பிற்பகலில் வருகிற காற்றுத்தான் நமக்குக் கிடைத்த வரம். கிழக்கு, வடகிழக்கு யன்னல்களைப் பெரிதாக வையுங்கள். வாடைக் காலத்தில் மழை அடிப்பதும் இந்தப் பக்கத்தால்தான், அதனால் மேலே சன்ஷேட்டும் கீழே வெளிப்பக்கம் சரிந்த யன்னல் படியும் கட்டாயம். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்தில் திறப்பு வேண்டும். காற்று வர ஒரு வழி இருந்து போக வழி இல்லையென்றால் அது வராது. யன்னல்களின் பரப்பு அறைத் தரையில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அத்திவாரம், மணல், தண்ணீர்

உவர்மலைப் பக்கம் தோண்டினால் கல் தட்டும், நிலாவெளியில் மணல், தம்பலகாமத்தில் களி. மூன்றுக்கும் ஒரே அத்திவாரம் போடுகிற மேசனை நம்பாதீர்கள். மணலிலும் கல்லிலும் கருங்கல் அத்திவாரம் தாராளம். களிமண் கோடையில் வெடித்து மாரியில் உப்பும். அங்கே அத்திவாரத்துக்கு மேல் சுற்றிவரக் கம்பி கட்டிய பீம் ஒன்று கட்டாயம் ஓட வேண்டும். தரைமட்டம், ஊரார் காட்டிய வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு அடியாவது இருக்கட்டும். அத்திவாரம் முடிந்து சுவர் எழும்புமுன் ஈரத்தடுப்புப் படை: கெட்டியான சீமெந்துச் சாந்து முக்கால் அங்குலம், அதற்கு மேல் தார். இதைத் தவிர்த்த வீட்டில் பத்து வருடமானாலும் கீழ்ச் சுவரில் பெயின்ற் நிற்காது.

கடற்கரை மாவட்டத்தில் வீடு கெடுவதற்கு முதல் காரணம் உப்பு. கழுவாத கடல் மணலும் சவர்க் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்தால் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி கறள் பிடிக்கும்; கறள் பிடித்த கம்பி வீங்கும்; வீங்கினால் கொங்கிறீட் வெடித்துச் சிப்பி சிப்பியாகக் கழரும். சன்ஷேட்டின் அடியில் கறுப்புக் கம்பி பல்லிளிக்கிற வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மணல் லொறி வந்ததும் பறிக்க விடாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு சிட்டிகையை நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் திருப்பி அனுப்புங்கள். பிறகு நேரான சுவருள்ள போத்தல் ஒன்றில் நாலு அங்குலத்துக்கு மணலைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு கரண்டி உப்புப் போட்டுக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் முதலில் படியும், அதற்கு மேல் மண்டி தனிப் படையாகப் படியும். மேல் படை ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் மண் அதிகம், அந்த மணல் கொங்கிறீட்டுக்கு ஆகாது. மண்டி படிய மூன்று மணித்தியாலமாவது எடுக்கும், லொறிக்காரர் காத்திருக்க மாட்டார். அதனால் மணல் எடுக்கும் இடத்திலிருந்து முதல் நாளே ஒரு பையில் கொண்டுவந்து பார்ப்பது உத்தமம். அனுமதிப்பத்திரம் உள்ள மணலையே எடுங்கள். இல்லாததைப் பொலிஸ் பிடித்தால் வேலை பாதியில் நிற்கும்.

கொங்கிறீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் அல்லது பவுசர் தண்ணீர். குடிக்கக் கூடிய தண்ணீரைத்தான் கொங்கிறீட்டுக்கும் விட வேண்டும். ஒரு மூடை சீமெந்துக்கு 25 லீற்றர் அளவு போதும். ‘ஓடட்டும்’ என்று மேலும் வாளியைக் கவிழ்க்கிற பொடியனை நிறுத்துங்கள். கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையில் ஒன்றரை அங்குலம், கடலுக்குக் கிட்ட என்றால் இரண்டு அங்குலம் இருக்கும்படி கவர்க் கல் வைத்திருக்கிறார்களா என்று கொங்கிறீட் போடும் நாளில் நீங்களே குனிந்து பாருங்கள். போட்ட பிறகு ஏழு நாளாவது சாக்கு விரித்து நனைக்க வேண்டும். செலவே இல்லாத வேலை இது, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

சுவர்

ஆறு அங்குலச் சீமெந்துக் கல்தான் இங்கே எல்லோருக்கும் கைவந்தது. உள்தடுப்புக்கு நாலு அங்குலம் போதும். கல்லை வாங்குமுன் ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து நிலத்தில் போட்டுப் பாருங்கள். மூலை நொருங்கினால் பரவாயில்லை, இரண்டாகப் பிளந்தால் சீமெந்தைக் களவெடுத்திருக்கிறார்கள். சீனக்குடாவிலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிற ஊரில் இது ஒரு வேடிக்கை.

உள்நாட்டுப் பக்கம், கிரவல் கலந்த செம்மண் கிடைக்கும் இடம் என்றால், மண்ணோடு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு சீமெந்து கலந்து இயந்திரத்தில் அமுக்கிய மண் கல்லையும் யோசிக்கலாம். சூளை இல்லை, விறகு இல்லை. வெளியே பூச்சும் இல்லாமல் விடலாம், ஆனால் தாழ்வாரம் நீளமாக இருக்க வேண்டும். இதற்கு இலங்கைத் தரநிலையும் உண்டு, 1382ஆம் இலக்கம். கடற்கரை மணலில் இது சரிவராது. வெளிச்சுவருக்கு வெள்ளை அல்லது வெளிறிய நிறம் அடியுங்கள். கடும் செம்மஞ்சளும் ஊதாவும் இப்போது நாகரிகமாக இருக்கலாம். வெயிலுக்கு அது தெரியாது.

கூரை: காசை இங்கே கொட்டுங்கள்

நமது பக்கத்தில் வீட்டுக்குள் வருகிற சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. தரைக்குத் தளஓடு போடாமல் விடலாம், மதில் கட்டாமல் விடலாம், கேற்றுக்குத் தகரம் அடிக்கலாம். கூரையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சிலப் பற்றி முதலில். ‘பிறகு மேல்மாடி கட்டலாம்’ என்று ஐந்து அங்குலக் கொங்கிறீட்டைத் தலைக்கு மேல் போட்டுவிட்டு, மேல்மாடி வராமலே பதினைந்து வருடம் அதன் கீழே வேகிறவர்கள் எங்கள் ஊரில் வீதிக்கு நாலு பேர். மேல்மாடி மூன்று வருடத்துக்குள் கட்டுவீர்கள் என்றால் போடுங்கள். ஏற்கனவே போட்டுவிட்ட சிலப் என்றால், அதற்கு மேலே இரண்டு அடி இடைவெளி விட்டு மெல்லிய சீற் கூரை ஒன்று அடித்து நிழல் கொடுங்கள். வெள்ளைப் பூச்சும் உதவும், ஆனால் ஊத்தை படிந்தால் பலன் குறையும்.

அஸ்பெஸ்டஸ் மலிவு. வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அமானோ என்று எல்லோரும் சொல்கிற அலுமினியத் துத்தநாகச் சீற், வெள்ளை நிறத்தில், கீழே வெள்ளித்தாளும் சீலிங்கும் போட்டால் நல்லது. அவை இல்லாமல் வெறும் சீற் என்றால் பகலில் சூடு, இரவில் மழைச் சத்தம். என் தெரிவு கலிக்கட் ஓடு. சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக விடும், ஓடுகளுக்கிடையே கூரை மூச்சு விடும், ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றலாம்.

ஓட்டுக் கூரையை அடுக்கும் முறை முக்கியம். கீழிருந்து மேலே கைமரம், அதன் மேல் வெள்ளித்தாள், அதன் மேல் கைமரத்தின் நீளத்துக்கே ஒரு அங்குலச் சட்டம், அதற்குக் குறுக்காகச் சிலாகை, பிறகு ஓடு. அந்தச் சட்டத்தால் ஓட்டுக்கும் தாளுக்கும் நடுவே காற்று ஓட இடம் வருகிறது. ஓடு கசிந்தாலும் தண்ணீர் தாளின் மேலால் வழிந்து பீலிக்குப் போய்விடும். தாளின் பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் இரண்டு வருடத்தில் புழுதி படிந்து பயன் போய்விடும். பளபளப்பு முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இல்லாமல் தாளைச் சீலிங்கோடு ஒட்டிவிட்டால், போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. தாழ்வாரத்தின் அடியிலும் முகட்டுக்குக் கீழே முக்கோணச் சுவரிலும் வலை அடித்த துவாரம் வையுங்கள். சூடேறிய காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். சீலிங் பத்து அடி உயரத்தில் இருந்தால் நல்லது.

மரத்துக்கு வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் விடாதீர்கள். கறையான் அண்டாது, கடற்காற்றும் ஒன்றும் செய்யாது. கடலுக்குக் கிட்ட இரும்பு பொக்ஸ்பார் போட்டால், ஒட்டு வைத்த இடங்களில்தான் முதலில் கறள் தொடங்கும்; ஒவ்வொரு ஒட்டையும் துருத்தடுப்புப் பூச்சுப் பூசிய பிறகே மேலே ஏற்ற விடுங்கள்.

இனிப் புயல். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரவி கரை தொட்டது திரியாய், குச்சவெளிப் பக்கம்தான். கூரையைக் காற்று அமுக்குவதில்லை, தூக்குகிறது. சுவரின் மேல் சுற்றிவரப் போடுகிற கொங்கிறீட் பட்டியில், நாலு அடிக்கு ஒன்றாக அரை அங்குலக் கம்பியை மரையோடு மேலே நீட்டி விட்டு, அதில் தீராந்தியை (சுவரின் மேல் கிடந்து கூரையைத் தாங்கும் மரத்தை) நட்டுப் போட்டு இறுக்குங்கள். வெறும் ஆணியை நம்ப வேண்டாம். தாழ்வாரத்து இரண்டு வரிசை ஓடுகளையும் முகட்டு வரிசையையும் கம்பியால் கட்டிவிடுங்கள். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் தொடர்ச்சியாக அடிக்காமல் ஒரு அடி கீழே தனியாக அடியுங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போனாலும் அது மட்டும் போகும்.

தண்ணீர்

நகரத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. வெளியே பலர் கிணற்றை நம்பி இருக்கிறார்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பெரிய பம் வைத்து ஒரேயடியாக இறைத்தால் கீழிருந்து சவர் ஏறும், பிறகு இறங்காது. சின்னப் பம், கொஞ்சம் கொஞ்சமாக.

800 சதுர அடிக் கூரையில் விழுகிற மழையில் நூற்றுக்கு எண்பதைப் பிடித்தால், வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் லீற்றருக்கு மேல். அத்தனையையும் சேமிக்க நினைக்க வேண்டாம். 5,000 லீற்றர் தாங்கி ஒன்று போதும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால், தை நடுப்பகுதியில் நிறைந்தது புரட்டாதி வரை வரும். மிச்சத்தைக் கிணற்றுக்குப் பக்கத்தில் கல்லும் மணலும் போட்ட குழிக்கு விடுங்கள், நிலத்தடியில் போய்ச் சேரட்டும். பருவத்தின் முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே ஓடவிடும் குழாய் வேண்டும். பீலிக்குச் சரிவும் தாங்கி வாய்க்கு நுளம்பு வலையும் வைக்காமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்; 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு நினைவிருக்கும்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கட்டும், மணல் நிலத்தில் இன்னும் தள்ளிப் போங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க மறக்க வேண்டாம். குளியலறைத் தண்ணீரும் குசினித் தண்ணீரும் தனிக் குழாயில் வாழைக்குப் போகட்டும்.

மின்சாரமும் அடுப்பும்

பழைய ஃபான் ஒன்று 75 வாற். நாளுக்குப் பத்து மணித்தியாலம், மூன்று ஃபான் என்றால் மாதத்துக்கு 67 யுனிற். பிஎல்டிசி என்று கேட்டு வாங்கும் புது வகை 30 வாற் அளவில் ஓடும். அதே மூன்று ஃபானுக்கு 27 யுனிற். மாதக் கட்டணம் 60, 90, 120, 180 யுனிற் என்று படிப்படியாக ஏறும் முறையில், நாற்பது யுனிற் குறைந்தால் ஒரு படி கீழே இறங்கிவிடலாம். அங்கேதான் உண்மையான மிச்சம். பிரிட்ஜைக் குசினியின் மேற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஏசி வேண்டும் என்றால் ஓர் அறைக்கு மட்டும். அந்த அறையின் யன்னல்கள் காற்றுப் புகாமல் சாத்தக் கூடியதாக இருக்கட்டும்.

காஸ் சிலிண்டருக்கு 2022இல் நின்ற வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளியே சின்னதாக ஒரு விறகுக் குசினி, அதில் விறகு மிச்சம் பிடிக்கிற அனகி அடுப்பு ஒன்று, புகை போக மேலே வழி. சோறும் பருப்பும் அங்கே அவிந்தால் சிலிண்டர் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும், வீட்டுக்குள் சூடும் ஏறாது.

நிலக்கரி அனல்மின் நிலையம் வர இருந்து 2016இல் கைவிடப்பட்ட சம்பூரில் இப்போது 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் வருகிறது. வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனாலும் குடிபுகுந்து ஒரு வருடம் இருந்து, பன்னிரண்டு பில்லையும் பார்த்த பிறகு சோலார் அளவைத் தீர்மானியுங்கள். ஒரு கிலோவாற் நல்ல வெயில் மாதங்களில் நாளுக்கு நாலு யுனிற் அளவில் தரும், அறுபது எழுபது சதுர அடி கூரை பிடிக்கும். மின்கட்டமைப்புக்கு விற்கிற மின்சாரத்துக்குத் தரும் விலை அடிக்கடி மாறுவதால், விற்று இலாபம் பார்க்கலாம் என்ற கணக்கில் கடன் எடுக்காதீர்கள். பற்றறி இல்லாத சாதாரண சோலார் மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும் என்பதை விற்பனையாளர்கள் சொல்ல மறந்துபோவார்கள். லைனில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கட்டும்போது செய்ய வேண்டியது இரண்டுதான்: தெற்குப் பக்கக் கூரையில் தண்ணீர்த் தாங்கியின் நிழல் விழாமல் பார்ப்பது, கூரையிலிருந்து மீற்றர் வரை ஒரு வெற்றுக் குழாயைச் சுவருக்குள் போட்டு வைப்பது. பனலைத் தாங்கும் சட்டங்கள் அலுமினியமும் கறள் பிடிக்காத உருக்கும்தான், கடற்காற்றில் வேறெதுவும் நிலைக்காது.

பாஸும் காசும்

அத்திவாரம் தை, மாசியில், மழை விட்ட கையோடு. கூரை புரட்டாதிக்குள் ஏறிவிட வேண்டும். இந்த இரண்டு திகதியையும் வைத்துத்தான் கடனையும் சீட்டையும் ஒழுங்கு செய்ய வேண்டும். காசு குறைந்தால் தரையை வெறும் சீமெந்தாக மினுக்கி விடலாம், உள்ளே பெயின்ற் அடிக்காமல் குடியிருக்கலாம், சீலிங்கைப் படுக்கையறைகளுக்கு மட்டும் போடலாம். சுவருக்குள் போகிற வயரும் பைப்பும் மலிவானதாக வேண்டாம், பிறகு உடைத்துத்தான் மாற்ற வேண்டும்.

சாமானை நீங்கள் வாங்கி, கூலியைப் பாஸிடம் (தலைமை மேசனிடம்) கொந்தராத்தாகக் கொடுப்பது முதல் வீடு கட்டுகிறவருக்குப் பொருத்தம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது விறாந்தையையும் தாழ்வாரத்தையும் எப்படிக் கணக்கெடுப்பார் என்று கேட்டு எழுதிவிடுங்கள், சண்டை வருவது அங்கேதான். அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று வேலை முடிய முடியக் காசு. கடைசிப் பத்து வீதத்தை முதல் வாடை மழை கழியும் வரை கையில் வையுங்கள். ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருந்தால் பாஸ் முகம் சுளிக்க மாட்டார். கார்த்திகையில் ஒழுக்கு விழுந்தால் தானாகவே ஏணியோடு வருவார்.